கூட்டைக் கலைக்காமல் கூட்டைப் பார்ப்பது எப்படி?

ஜனவரியில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்குத் தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு, கலிபோர்னியாவின் பிக் பேர் மலையிலுள்ள கழுகுக் கூட்டை நேரலையில் திறந்தால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 9 மணி. கலரில் பார்க்க வேண்டுமானால் இரவு எட்டரைக்கு மேல் திறக்க வேண்டும். ஓசூரில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு வசதியான நேரம்.

சரி, கும்மிருட்டில் கூடு எப்படித் தெரிகிறது? கேமராவை ஒட்டி அகச்சிவப்பு விளக்கு எரிகிறது. நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு நின்றுவிடும். கழுகின் கண் எவ்வளவு கூர்மையானாலும் அகச்சிவப்பு அதற்கும் தெரியாது. கேமராவின் சிலிக்கன் சென்சாரோ 1,000 நானோமீட்டர் வரைகூட உணரும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: டிவி ரிமோட்டைச் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ரிமோட்டின் முனை திரையில் மினுங்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பகலில் இதே அகச்சிவப்பு படத்தின் நிறத்தைக் கெடுக்கும். அதனால் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி நிற்கும். இருட்டியதும் அது விலகிக்கொள்ளும். சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் அகச்சிவப்பை ஏறக்குறைய ஒரே மாதிரி வாங்குவதால் நிறம் பிரித்தறிய வழியில்லை. கறுப்பு வெள்ளைக்குக் காரணம் அதுதான். உடல் சூட்டைப் படமாக்கும் வெப்பக் கேமரா வேறு. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்தக் கூடு ஜெஃப்ரி பைன் மரத்தில் சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது. ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு ஜோடியின் வீடு. முட்டைகளுக்கிடையில் நடக்கும்போது ஜாக்கி கால் நகங்களை உள்பக்கமாக மடக்கிக்கொள்ளும். முட்டையில் கீறல் விழக்கூடாதல்லவா? அப்புறம் உட்கார்ந்து இடமும் வலமும் அசைந்து, வயிற்றில் இறகில்லாத தோல் முட்டையில் நேராகப் படும்படி பொருத்திக்கொள்ளும். முதுகில் பனி குவிந்தாலும் சீக்கிரம் உருகாது. உள்சூட்டை இறகு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கிறது. 2025 மார்ச்சில் மூன்று முட்டைகள் பொரிந்தன. பனிப்புயலில் ஒரு குஞ்சு இறந்தது, இரண்டு வளர்ந்து பறந்தன.

பறவை அசையாமல் அடைகாத்தால் நேரலைக்குக் கொண்டாட்டம். முந்தைய பிம்பத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும்; டேட்டா குறைவாகவே செலவாகும். காற்றடித்துப் பைன் ஊசிகளெல்லாம் ஆடத் தொடங்கினால் மாற்றம் எங்கும் இருக்கும். படம் கட்டம் கட்டமாக உடையும். சுருக்கி அனுப்பும் வேலைக்கு நேரம் பிடிப்பதால் நாம் பார்ப்பது எப்போதுமே சில நொடிகள் பழையது.

மின்சாரம் சூரியத் தகடும் பேட்டரியும் தருவது. அடைகாக்கும் காலத்தில் கேமரா கெட்டுப்போனால் மரமேறிச் சரிசெய்ய முடியாது; கழுகைத் தொந்தரவு செய்வதை அங்கே 1940ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே எல்லா வேலையையும் கூடு காலியாக இருக்கும் மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும்.

ஒகேனக்கல் பக்கம் இப்படி ஒன்று வைக்க முடியுமா? இந்தக் காவிரியில் அதே கழுகுக்கு உறவான சிறிய மீன்கழுகு இருக்கிறது, கரையில் ஓங்கி வளர்ந்த நீர்மருதும் உண்டு. கேமரா பிரச்சினையே இல்லை. சூரியத் தகட்டை மர நிழலுக்கு வெளியே கம்பம் நட்டு நிறுத்தினால் யானை சாய்த்துவிடும். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைப்பதும் கஷ்டம். அதைவிட, மரம் எதுவென்று வெளியே தெரிந்தால் பரிசலில் கூட்டம் வந்து நிற்கும். என்னைக் கேட்டால், இடத்தின் பெயர் சொல்லாமல் ஒளிபரப்புவதாக இருந்தால் மட்டும் வைக்கலாம்.