முன்பெருக்கியும் ‘முன் ஒலிபெருக்கி’யும்

அக்கா மகன் வீட்டிலேயே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) செய்யப் போகிறேன் என்று டிடிஏ7294 ஐசி போட்ட போர்டு ஒன்றும், அதற்கு ஜோடியாக, அதன் முன்னால் மாட்டும் 5532 ஐசி போட்ட ப்ரீஆம்ப் போர்டு ஒன்றும் வாங்கி வந்தான். போர்டோடு வந்த தாளில் தமிழும் இருந்தது. ஆம்புக்கு வயர் போக வேண்டிய ப்ரீஆம்ப் அவுட் என்ற இடத்துக்கு நேரே ‘முன் ஒலிபெருக்கி வெளியீடு’ என்று அச்சடித்திருந்தார்கள். பையன் தமிழை நம்பினான். வீட்டிலிருந்த முன்பக்க ஸ்பீக்கரை எடுத்து அங்கே மாட்டிவிட்டு, “கொசு பாடுற மாதிரி வருது மாமா” என்றான்.

தப்பு அவன்மேல் இல்லை. ஹோம் தியேட்டர் பார்த்து வளர்ந்த எவருக்கும் ‘முன் ஒலிபெருக்கி’ என்றால் முன்னால் வைக்கும் ஸ்பீக்கர்தான். 5532 என்பது 600 ஓம் சுமைக்கு ஏற்ற ஐசி. ஓம் குறையக் குறையச் சுமை கூடும்; 8 ஓம் ஸ்பீக்கரை அதன் தலையில் கட்டினால் கொசுதான் பாடும். நல்ல வேளை, ஷார்ட் ஆனாலும் பிழைத்துக்கொள்ளும் சாதி அது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபையருக்கு மூலம் லத்தீன்: ‘ஆம்ப்ளுஸ்’ என்றால் பெரிய, விரிந்த, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். பெரிதாக்குவது, அவ்வளவுதான். ‘ப்ரீ’யும் லத்தீன், பொருள் முன். தமிழில் பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை, பெருக்குவது பெருக்கி. ஆக, ப்ரீஆம்ப்ளிஃபையர் முன்பெருக்கி. முன்பணம், முன்பதிவு போல நாக்கில் தடுக்காமல் வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் நம்மவர்களுக்கு அந்த ‘ஒலி’யை ஒட்டாமல் தூக்கம் வராது. பெட்டிக்குள் ஒலி எங்கே இருக்கிறது? உள்ளே நுழைவது மின் சைகை, வெளியே வருவதும் மின் சைகை. அது ஒலியாவது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அசையும்போதுதான். அந்த ஸ்பீக்கரோ எதையும் பெருக்குவதில்லை. மின்சாரத்தை ஒலியாக மாற்றித் தருகிறது, அதுவும் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்துவிட்டு. ஆனாலும் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை’ என்று காவல்துறை அறிவிப்பு வரை போய்விட்ட சொல்லை இனி யாரும் திருப்பி வாங்க முடியாது. ஒலிபெருக்கி என்றால் ஸ்பீக்கர் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இருக்கட்டும். அதே சொல்லை ஆம்ப்ளிஃபையருக்கும் போட்டு, முன்னால் ஒரு ‘முன்’னையும் ஒட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மைக்செட்காரரிடம் போய் ‘ஒலிபெருக்கி சூடாகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். எது என்று திருப்பிக் கேட்பார்.

வேறு சிலர் மிகைப்பி என்கிறார்கள். மிகை என்றால் அளவுக்கு மேல் போவது. அலை உச்சி வெட்டுப்பட்டுக் கரகரவென்று கத்தும் ஆம்புக்கு அந்தப் பெயர் பொருந்தும். நல்ல ஆம்புக்கு அது வசவு. ‘முன்னிலைப் பெருக்கி’ என்றும் பார்த்திருக்கிறேன். முன்னிலை என்றால் நீ, நீங்கள் என்று இலக்கண வகுப்பில் படித்தது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். இலங்கைப் பாடநூல்களில் விரியலாக்கி என்பார்கள். லத்தீனின் ‘விரிந்த’ அதில் இருக்கிறது, அங்கே வேரூன்றியும் விட்டது, அதன்மேல் எனக்குச் சண்டையில்லை.

பெருக்கி என்றால் துடைப்பம் ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் நக்கலடித்தார். எனக்கு வருவது பெருக்கல் வாய்ப்பாடு. இந்தக் கருவி செய்வதும் அச்சுப் பிசகாமல் அதுதான். 7294 போர்டில் வழக்கமாகப் போடும் 22 கிலோ ஓம், 680 ஓம் ரெசிஸ்டர்களை வைத்தால் வருவது ஏறக்குறைய 33 மடங்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் வர 20 வோல்ட் வேண்டும். அதற்கு உள்ளே 0.6 வோல்ட் கொடுத்தால் போதும். 0.6 பெருக்கல் 33. எத்தனை மடங்கு என்று சொல்லும் இந்தக் கெயினைத்தான் அந்தத் தாள் ‘ஆதாயம்’ என்கிறது. வட்டிக்கடை நடத்துகிறோமா என்ன? பெருக்கம் என்று போட்டால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியுமே. இயந்திரம் மொழிபெயர்த்துத் தந்ததை, ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

‘முன்’னுக்கும் காரணம் இருக்கிறது. ரெக்கார்ட் பிளேயரின் மூவிங் மேக்னெட் வகை ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். வயரில் போகும் வழியில் 1 மில்லிவோல்ட் உர்ர்ர் என்ற இரைச்சல் சேர்ந்துகொண்டால், பின்னால் இருக்கும் ஆம்ப் இரண்டையும் பாரபட்சமில்லாமல் பெருக்கும். அதனால்தான் இரைச்சல் சேரும் முன்பே, மூலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தடவை பெருக்கிவிடுகிறோம். மைக்குக்கும் இதே கதைதான். இங்கெல்லாம் முன்பெருக்கி என்ற பெயர் முழுக்க நிற்கும்.

ஆனால் கடையில் ப்ரீஆம்ப் என்று விற்பதெல்லாம் பெருக்குவதில்லை. உள்ளே வெறும் வால்யூமும் செலக்டர் சுவிட்சும் மட்டும் வைத்து ‘பேசிவ் ப்ரீஆம்ப்’ என்று விற்கிறார்கள். இங்கே ஆங்கிலமே உளறுகிறது, நாம் ஏன் வரிக்கு வரி பின்னால் ஓட வேண்டும்? பிரிட்டனில் 1967இல் வந்த குவாட் 33 என்ற ப்ரீஆம்புக்கு அதைச் செய்தவர்களே வைத்த பெயர் கண்ட்ரோல் யூனிட். வேலையைப் பார்த்து வைத்த பெயர்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிவிட்டு, உன்னிடம் பாட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். டிவிடி பிளேயர் மட்டும்தான். அது முழு அளவில் 2 வோல்ட் தரும், தேவையோ 0.6. அன்று மாலையே 5532 போர்டைக் கழற்றி டப்பாவில் போட்டோம். பெட்டிக்குள் ஒரு 10 கிலோ ஓம் வால்யூம் திருகும், அரை அடி ஷீல்டு வயரும் மட்டும் மிஞ்சின. பேப்பர் டேப்பை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்து, “முன்பெருக்கின்னு எழுதுடா” என்றேன்.

“எதை மாமா பெருக்குது?” என்று கேட்டுவிட்டு, ‘வால்யூம்’ என்று எழுதினான்.