கேல் சாலட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

‘வின்டர் கேல் சாலட், சீசன் பழங்களோடு’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. முதலில் ஒரு சின்ன வழக்கை முடித்துவிடுவோம். அது ‘காலே’ இல்லை, ‘கேல்’. ஆங்கில எழுத்துகளை அப்படியே கூட்டிப் படித்து ‘காலே சாலட்’ என்று எழுதிவிடுகிறார்கள், பார்க்கும்போதெல்லாம் யாரோ தன் காலைப் பார்த்து ‘காலே!’ என்று உருக்கமாகக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

சரி, கேல் என்றால் என்ன? முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை ஒன்று. பெயர் வந்த கதை இது: லத்தீனில் ‘கௌலிஸ்’ என்றால் தண்டு. கோஸ் வகைச் செடிகளையும் ரோமானியர்கள் அதே சொல்லால் குறித்தார்கள், அது ஐரோப்பா முழுக்கப் பரவி ஜெர்மனிலும் டச்சிலும் ‘கோல்’ ஆனது, போர்த்துகீசியத்தில் ‘கோவ்’ ஆனது, இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் ‘கேல்’ என்று நின்றது. ஸ்காட்லாந்தில் இந்தக் கீரை இல்லாமல் அடுப்பு எரியாது என்கிற நிலை ஒரு காலத்தில் இருந்ததால் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கே ‘கேல்யார்ட்’ என்று பெயர், சாப்பாட்டையே பொதுவாக ‘கேல்’ என்று சொல்வதும் உண்டு. காலிஃபிளவரின் முதல் பாதி இதே சொல்தான். முட்டைக்கோஸைச் சீவிச் செய்யும் கோல்ஸ்லாவின் முதல் பாதியும் இதேதான்.

இந்தக் குடும்பம் தமிழுக்கு ஒன்றும் புதிதில்லை. நாம் நூக்கோல், நூல்கோல் என்று சொல்கிறோமே, அதில் இருக்கும் ‘கோல்’ கம்போ குச்சியோ கிடையாது. டச்சுக்காரர்களின் ‘க்னோல்கோல்’ நம் வாயில் புரண்டு நூல்கோல் ஆகியிருக்கிறது. இலங்கைத் தமிழில் முட்டைக்கோஸைக் ‘கோவா’ என்பது போர்த்துகீசிய ‘கோவ்’ வழியாக வந்தது. ஆக, கேலின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் எப்போதோ நம் மொழிக்குள் குடியேறிவிட்டார்கள், இவர்தான் கடைசியாக வந்து வாசலில் நிற்கிறார்.

இவர்கள் எல்லாரும் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே தாவர இனம். அதில் கேல் சேர்ந்த பிரிவுக்கு ‘அசெஃபலா’ என்று பெயர், கிரேக்கத்தில் ‘தலையில்லாதது’ என்று பொருள். முட்டைக்கோஸின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடித் தலைபோல உருண்டுகொள்ளும், கேல் அப்படி மூடாமல் விரிந்தே வளரும். தமிழில் இதற்குப் ‘பரட்டைக்கீரை’ என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரிந்தால் கைகுலுக்குவேன். தாவரவியல்காரர்கள் தலையில்லை என்கிறார்கள், நம் ஆள் தலையைச் சீவவில்லை என்கிறார்! ஓரம் முழுக்கச் சுருண்டு சிலுப்பிக்கொண்டு நிற்கும் அந்த இலையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம். ஒரே சிக்கல், இத்தாலியர்களின் ‘கவோலோ நேரோ’, அதாவது கருங்கோஸ், சுருளாமல் நீளமாக, மேடுபள்ளமான தோலோடு இருக்கும், அதைப் பரட்டை என்று சொன்னால் பொருந்தாது. அதற்குக் கருங்கோஸ்கீரை என்றே சொல்லிவிடலாம்.

இப்போது ‘சாலட்’டுக்கு வருவோம், எனக்கு முக்கியமான இடம் இதுதான். லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. ‘ஹெர்பா சலாட்டா’ என்றால் உப்பிட்ட இலைகள். முன்னாலிருந்த இலை தேய்ந்து உதிர, ‘உப்பிட்டது’ மட்டும் மிஞ்சி பிரெஞ்சில் ‘சலாட்’ ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் சாலட்டாக வந்திருக்கிறது. சாஸ், சல்சா, சலாமி எல்லாம் இதே உப்பில் ஊறியவைதான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் பழமொழிதான் சொன்னோம், அவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

தமிழில் சாலட்டுக்குப் பெரும்பாலும் ‘கலவை’ என்று எழுதுகிறார்கள். பழக்கலவை ஓரளவு பழகிவிட்டது, ஆனால் வெறும் கலவை என்றால் எனக்குக் கொத்தனாரின் சிமென்ட் கலவைதான் முதலில் கண்ணில் நிற்கிறது. ‘பச்சடி’ என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது, அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. ‘பச்சிலைக் கலவை’ என்றால் வைத்தியர் வீட்டுக்குப் போனதுபோல ஆகிவிடும். நான் சொல்ல வருவது ‘பிசறல்’. உப்பு போட்டுப் பிசறி வை என்கிறோமே, அந்தப் பிசறுதல். பிசைவது அழுத்தி மசிப்பது, பிசறுவது விரல்களால் இலேசாகக் கிளறி ஒவ்வொரு துண்டிலும் உப்பும் எண்ணெயும் படும்படி செய்வது. கலவை என்ற சொல்லில் கையும் இல்லை, உப்பும் இல்லை. பிசறலில் இரண்டும் இருக்கின்றன.

இதற்குப் பழைய சாட்சி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் சுவடியில் சாலட் செய்முறை ஒன்று இருக்கிறது: பார்ஸ்லி, புதினா, பூண்டுத்தாள் என்று ஒரு நீண்ட பட்டியல், எல்லாவற்றையும் கழுவி, கையால் சிறிதாகக் கிள்ளி, காய்ச்சாத பச்சை எண்ணெயில் நன்றாகக் கலந்து, மேலே வினிகரும் உப்பும் போடு என்கிறது. கத்தி என்ற பேச்சே இல்லை. (வினிகருக்குக் ‘காடி’ என்ற அருமையான சொல் சும்மா கிடக்கிறது, யாராவது எடுத்துப் புழங்கினால் நல்லது.)

பரட்டைக்கீரையைப் பொறுத்தவரை இந்த உப்பும் கையும் வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, செய்முறையே அதுதான். லெட்டூஸைக் கிள்ளிப் போட்டால் போதும். கேல் அப்படி மசியாது, பச்சையாகத் தின்றால் தாடை வலிக்கும், கசக்கவும் செய்யும். நடுத்தண்டை உருவி எடுத்துவிட வேண்டும் (தண்டு என்று பெயர் வைத்த செடியில் முதலில் தூக்கிப் போடுவது தண்டைத்தான்). 200 கிராம் இலைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் கையால் கசக்க வேண்டும். உப்பு இலையிலிருக்கும் நீரை வெளியே இழுக்கும், கை அழுத்தத்தில் செல் சுவர்கள் உடையும், நிறம் அடர்ந்து அளவு பாதியாகக் குறையும். இந்தக் கட்டம் மட்டும் பிசைதல், பழத்தைச் சேர்த்த பிறகு நடப்பது பிசறல்.

அப்புறம் ‘வின்டர்’. குளிர்காலம் என்றால் தப்பில்லை, ஆனால் இந்தக் கீரைக்குப் பனிக்காலம் என்பதுதான் சரி, ஏனென்றால் இதற்குச் சுவை கொடுப்பது உறைபனி. குளிர் ஏற ஏற இந்தச் செடி தன்னிடமிருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது என்பதால் அதுவே செடிக்குப் பாதுகாப்பு. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலை, நமக்கு இனிப்பாகக் கிடைக்கிறது. முன்பனி, பின்பனி என்று பனியை இரண்டாகப் பிரித்து வைத்த மொழியில் ‘வின்டர் சாலட்’ என்று எழுதுவானேன்?

‘சீசன்’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை. லத்தீனில் விதைப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, பிறகு ஏற்ற காலம், பழுத்தல், கடைசியில் உணவுக்கு உப்புக்காரம் சேர்ப்பதும் ‘சீசன்’ ஆகிவிட்டது. நமக்கும் இதேபோல ஒன்று இருக்கிறது: பக்குவம். பழம் பழுத்தாலும் பக்குவம், சமையல் சரியாக வந்தாலும் பக்குவம். காலத்தை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் பருவம் போதும், பருவப்பழம்.

பனிக்காலத்தில் ஆப்பிள், பேரி, மாதுளை, ஆரஞ்சு எது நன்றாகக் கிடைக்கிறதோ அது. ஆப்பிளும் பேரியும் நறுக்கியதும் கறுக்கும், ஆகவே கடைசியில் நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் புரட்டிப் போடுங்கள். என் ஓட்டு ஆரஞ்சுக்கு. அதன் பெயர் சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, அரபு ‘நாரஞ்ச்’ என்று ஊர் ஊராகப் போய் ஐரோப்பாவில் தலையெழுத்தான ‘ந’வைத் தொலைத்த சொல், அதன் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. தட்டில் இருப்பதில் பெயரளவில் நமக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

ஆக, பனிக்காலப் பரட்டைக்கீரைப் பழப் பிசறல். நீளம்தான், ஒரே மூச்சில் சொன்னால் எனக்கே வாய் குளறுகிறது. வீட்டில் ‘கீரைப் பிசறல்’ என்றாலே புரிந்துவிடும். மிஞ்சினால் பழத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டு இலையை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், லெட்டூஸ்போல வதங்காது, மறுநாள் இன்னும் மெத்தென்று இருக்கும்.