தோட்டாவின் அடியில் ஒரு பொட்டு

போன மாதம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் நிலக்கடலைக் காட்டில் காட்டுப்பன்றிகள் இறங்கின. கேரளத்தில் 2022 முதல் பன்றியைச் சுட பஞ்சாயத்தே அனுமதி தரலாம் என்பதால், உரிமம் உள்ள ஒருவர் வந்து சுட்டுவிட்டுப் போனார். காலையில் வரப்போரம் கிடந்த வெற்றுத் தோட்டாவை, விடுப்பில் வந்திருந்த அக்கா மகன் எடுத்து வந்தான். சிவப்பு பிளாஸ்டிக் குழல், அடியில் பித்தளை மூடி, அதன் நட்டநடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டம். வட்டத்தின் மையத்தில் ஊசி குத்திய குழி.

அந்த வட்டம்தான் தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர். அதைப் பார்த்ததும் அவன் தன் சிக்கலைச் சொன்னான். டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே பலரையும் போல, சுட்ட தோட்டாக்களைச் சேர்த்து வீட்டிலேயே புது பிரைமர், மருந்து, குண்டு போட்டு மறுபடி அடைப்பவன். (நம் நாட்டில் உரிமமின்றி இதைச் செய்வது குற்றம்.) 2020, 2021-ல் அமெரிக்காவில் பிரைமருக்குப் பெரும் தட்டுப்பாடு. கைத்துப்பாக்கிக்கானது கிடைக்காமல், ரைஃபிளுக்கான சிறிய பிரைமரை வாங்கிக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் போட்டிருக்கிறான்.

"அளவு ஒண்ணுதானுங்களே மாமா. அப்புறம் ஏன் பத்துக்கு மூணு வெடிக்க மாட்டேங்குது?"

அளவு ஒன்றுதான். இரண்டுக்கும் விட்டம் சுமார் 4.45 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

சின்ன வயதில் பொட்டு வெடியைத் திண்ணையில் வைத்துக் கல்லால் தட்டியிருப்போம். அதையே மணல் மேல் வைத்துத் தட்டினால் வெடிக்காது. அடியில் கடினமான ஒன்று இருந்தால்தான் மருந்து நசுங்கும். பிரைமரும் அப்படித்தான். அது ஒரு குட்டி உலோகக் கிண்ணம். உள்ளே லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈய வெடிப்பொருள் கலந்த மருந்துப் பூச்சு, அதையொட்டி அடைகல் போல ஒரு சின்ன உலோகத் துண்டு. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கிறது, முதுகு உள்வாங்குகிறது, இடையில் மாட்டிய மருந்து நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ ஒரு துளை வழியே பாய்ந்து தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

சரி, கிண்ணத்தின் தகடு எவ்வளவு தடிமன்? கைத்துப்பாக்கி பிரைமரில் சுமார் 0.43 மில்லிமீட்டர். ரைஃபிள் பிரைமரில் அரை மில்லிமீட்டருக்கும் மேல். காரணம் அழுத்தம். கார் டயரில் முப்பது சொச்சம் பவுண்டு காற்று அடிக்கிறோம். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை எழும்பும். .223 ரைஃபிளில் அது 55,000. அதைத் தாங்கத்தான் தடித்த தகடு. கைத்துப்பாக்கியில் ஊசியை அடிக்கும் சுத்தியலோ மெல்லிய தகட்டை நசுக்கும் அளவுக்கே பலம் கொண்டது. அவன் தன் ரிவால்வரின் ஸ்பிரிங்கையும் இளக்கி வைத்திருந்தான். மூன்று தோட்டா வெடிக்காததில் ஆச்சரியமில்லை.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. அபூர்வமாக, மருந்து சில நொடி தாமதித்துப் பற்றும். துப்பாக்கிக் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வெடித்த ஏழும் எனக்குக் கவலை தந்தன. ரைஃபிள் பிரைமர் பொதுவாக அதிகச் சூடாக எரியும். 'மேக்னம்' என்ற கூடுதல் வீரிய வகையும் அப்படியே. பற்றும் வேகம் மாறினால் அழுத்தமும் ஏறலாம். தோட்டாவுக்குள் போட்ட வெடிமருந்தின் அளவு ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் அந்த ஏற்றத்துக்கு இடமே இல்லை. பிரைமர் மாறினால் மருந்தைக் குறைத்து ஆரம்பத்திலிருந்து பார்த்து வர வேண்டும்.

பெரிய அளவு பிரைமரில் இன்னொரு சிக்கல். ரைஃபிளின் பெரிய பிரைமர் கைத்துப்பாக்கியினுடையதைவிட 0.2 மில்லிமீட்டர் உயரம். குழியில் முழுதாக அமராமல் துருத்தி நிற்கும். ரிவால்வரில் உருளை சுற்றாமல் சிக்கும். தானியங்கியில் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும் முன்பே வெடிக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது தலைகீழ்த் தவறு. மெல்லிய கைத்துப்பாக்கி பிரைமரை ரைஃபிளில் போட்டால் ஊசி குத்திய இடம் கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். கண்ணாடி அணியாதவருக்குக் கண்ணே போகலாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் சொன்னான்: மீதமான இரண்டு வகையையும் ஒரே கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்திருக்கிறானாம். எனக்கு உடம்பு சில்லிட்டது. பெட்டியில் ஒவ்வொரு பிரைமரையும் தனித்தனிக் குழியில் அடுக்குவதே, ஒன்று வெடித்தால் மற்றவை சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான்.

இங்கே இரவு ஒன்பது, டெக்சாஸில் காலை. அறைத் தோழனை அழைத்தான். "அலமாரில ஒரு புட்டி இருக்குது, அதைத் தொடவே தொடாதே" என்று அவன் சொல்லும்போது, அந்தச் சிவப்புத் தோட்டா இன்னும் அவன் கையிலேயே இருந்தது.