நாக் அவுட் எண்ணிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள்

2025 ஆகஸ்ட் 16 அன்று ரியாத்தில் 20 வயது ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் மோசஸ் இடாமா, டிலியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். அன்றோடு 13 சண்டை, 13 வெற்றி, அதில் 11 நாக் அவுட். இரண்டு நிமிடம்கூட ஓடாத அந்த வீடியோ மறுநாளே என்னிடம் குத்துச்சண்டை கற்க வரும் பிள்ளைகளின் போனில் எல்லாம் இருந்தது. அப்போதைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் உசிக்கைப் பற்றித்தான் கேள்வி, அதுவும் ஒன்றேதான்: "மாஸ்டர், இவரு உசிக்கை அடிச்சிடுவாரா?"

தெரியாது என்று சொன்னேன். யாருக்கும் அது பிடிக்கவில்லை. கோச் என்றால் உடனே ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அன்று கையில் இருந்த ஆதாரத்தை வைத்து வேறு பதில் சொல்ல வழியில்லை. அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே கணக்கைப் போட்டுத்தான் பலர் பந்தய ஆப்களில் பணத்தை விடுகிறார்கள்.

அமெச்சூர் போட்டியில் எதிராளியைத் தீர்மானிப்பது குலுக்கல். முதல் நாளே உலக சாம்பியன் எதிரே வந்து நிற்கலாம். தொழில்முறையில் அப்படி இல்லை. வளரும் வீரருக்கு யாரை, எப்போது, எத்தனை ரவுண்டுக்கு நிறுத்துவது என்பதை அவரை வளர்க்கும் தரப்பே பார்த்துப் பார்த்து முடிவு செய்யும். இதில் தப்பில்லை, ஒரு பையன் அப்படித்தான் தொழில் கற்றுக்கொள்ள முடியும். தப்பு, அந்தப் பட்டியலைப் பரீட்சை மதிப்பெண் போலப் படிக்கிற நம்மிடம் இருக்கிறது. டியோன்டே வைல்டர் 2015 ஜனவரியில் பெர்மெய்ன் ஸ்டிவெர்னோடு உலகப் பட்டத்துக்கு மோதியபோது 32 சண்டையில் 32 நாக் அவுட் வைத்திருந்தார். ஒன்றுகூட நாலாவது ரவுண்டைத் தாண்டியதில்லை. பார்க்க மிரட்டலான பட்டியல்தான். ஆனால் ஐந்தாவது ரவுண்டில் அவர் என்ன செய்வார் என்பது அன்றுவரை அவருக்கே தெரியாது.

சொல்லப்போனால் அந்தச் சண்டையில் வைல்டர் ஸ்டிவெர்னுக்கு எதிராக 12 ரவுண்டும் ஒழுங்காக ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) போட்டுப் புள்ளிகளில் ஜெயித்தார். அவருடைய ஓட்டை வெளியே வந்தது 2020 பிப்ரவரியில், டைசன் ஃபியூரியுடனான இரண்டாவது சண்டையில். ஃபியூரி 273 பவுண்டு எடையோடு வந்து முதல் மணியிலிருந்தே முன்னேறிக்கொண்டே இருந்தார். வைல்டருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே சண்டை போடத் தெரியவில்லை. அவருடைய வலது கைக்குப் பலம் கிடைப்பதே முன்காலில் அவர் எடையை இறக்கும்போதுதான். குதிகாலில் சாய்ந்து நிற்பவனிடம் அந்தக் குத்து இருந்தும் இல்லாத மாதிரிதான். ஏழாவது ரவுண்டில் அவருடைய உதவியாளர்கள் நிற்கும் கார்னரிலிருந்து, போதும் என்று துண்டு வந்து விழுந்தது. ஐந்து ஆண்டுகளாகப் பட்டம் வைத்திருந்த ஒருவரை யாரும் அதுவரை தொடர்ந்து பின்னால் தள்ளிப் பார்க்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஒருவரின் பட்டியலைப் பார்க்கும்போது, எதிராளிகள் இவரிடம் என்னென்ன கேள்வி கேட்டார்கள் என்பதைத்தான் நான் தேடுவேன். உடம்பில் வாங்கிய பிறகு ஜாப் வருகிறதா? கண் கிழிந்து ரத்தம் இறங்கும்போது முகத்தைக் காக்கும் கை, அதாவது கார்டு, எங்கே இருக்கிறது? கயிற்றோரம் மாட்டினால் சுற்றி வெளியே வருகிறாரா, கட்டிப் பிடிக்கிறாரா, கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறாரா? இடாமாவிடம் அன்றுவரை இதில் எதையும் யாரும் கேட்டிருக்கவில்லை. வைட்டுக்கு அப்போது வயது 37. ஜோஷுவா, பவெட்கின், ஃபியூரி என்று மூன்று பேர் ஏற்கெனவே அவரை நாக் அவுட் செய்திருந்தார்கள். அப்புறம் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அவர்களில் ஒருவராலும் அதை முதல் ரவுண்டில் செய்ய முடியவில்லை. இடாமாவின் கை வேகம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அன்றுவரை இடாமா முழுநேரம் போன சண்டைகள் இரண்டே இரண்டு, இரண்டும் ஆறு ரவுண்டுச் சண்டைகள். அதாவது ஏழாவது ரவுண்டு இடாமாவை அன்றுவரை யாரும் பார்த்ததே இல்லை.

ஏழாவது ரவுண்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அமெச்சூரில் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, பட்டச் சண்டையில் 12. உடம்பு அதே உடம்பு, வேலை நாலு மடங்கு. பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கில் தினமும் பார்க்கிற விஷயம் இது. முதல் மூன்று ரவுண்டில் படத்தில் வரைந்த மாதிரி நிற்கும் பையன் ஆறாவதில் வேறு ஆளாகிவிடுவான். குத்திய கை கன்னத்துக்குத் திரும்பாமல் மார்பு வரைக்கும்தான் வரும். பின்கால் இழுபடும். வாய் திறக்கும். திறந்த வாயில் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) விழுந்தால் தாடை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நூறு கிலோவுக்கு மேல் சுமந்து ஆடும் ஹெவிவெயிட்காரர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒலெக்சாண்டர் உசிக்கின் வியாபாரமே அந்த நேரத்தில்தான். 2022-ல் ஜெத்தாவில் ஜோஷுவாவுடனான இரண்டாவது சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது ரவுண்டில் ஜோஷுவா அவரை உடம்பில் அடித்து உண்மையாகவே தடுமாற வைத்தார். உசிக் கதை முடிந்தது என்று நினைத்தவர்களில் நானும் சேர்த்தி. பத்தாவது ரவுண்டில் அவர் எழுந்து வந்து அந்தச் சண்டையிலேயே மிக அதிகமாகக் குத்தினார். 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரி நடு ரவுண்டுகளில் அவரைப் படுத்தி எடுத்தார். ஒன்பதாவதில் அதே ஃபியூரி கயிற்றிலிருந்து கயிற்றுக்குத் தள்ளாடினார், நடுவர் எண்ண வேண்டி வந்தது. இந்த ஆளை ஜெயிக்க வேண்டுமானால் முதல் ஆறு ரவுண்டில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு ஈடாக மூச்சும் மூளையும் கடைசி வரை வேலை செய்ய வேண்டும். இரண்டில் எது நம் ஆளிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு மேலே பேசலாம்.

இன்னொரு கணக்கும் அடிக்கடி காதில் விழுகிறது. 2024 செப்டம்பரில் வெம்பிளியில் டேனியல் டுபுவா, ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். உசிக் அதே ஜோஷுவாவோடு 24 ரவுண்டு ஆடியும் அவரைப் படுக்க வைக்கவில்லை. அப்படியென்றால் டுபுவா உசிக்கை வெல்வார்! 2025 ஜூலையில் அதே வெம்பிளியில் உசிக் டுபுவாவை அதே ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். கடைசியாக விழுந்த இடது ஹூக்குக்கு 'இவான்' என்று பெயர்கூட வைத்தார் மனுஷன்.

இந்த முக்கோணக் கணக்கு எப்போதும் காலை வாரும். முகமது அலியை ஃபிரேசியரும் நார்ட்டனும் தோற்கடித்திருந்தார்கள். அந்த இருவரையும் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டிரண்டு ரவுண்டில் நசுக்கினார். 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது ரவுண்டில் தரையில் கிடந்தது அதே ஃபோர்மன்தான். ஜோஷுவா அன்று டுபுவாவின் நேர் வலது கை வரும் தடத்திலேயே நின்றார். உசிக் அங்கே நிற்பதே இல்லை. ஒவ்வொரு ஜாபுக்கும் முன்கால் ஒரு அடி வெளியே போய்விடும், டுபுவா மறுபடி காலைச் சரிசெய்துகொண்டுதான் குத்த வேண்டியிருக்கும். யார் யாரை அடித்தார் என்பதைவிட எங்கே நின்று அடித்தார் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

டுபுவா பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் ஜோ ஜாய்ஸுடனான சண்டையின் பத்தாவது ரவுண்டில் அவர் முட்டி போட்டு, நடுவரைப் பத்து வரை எண்ண விட்டார். கோழை, மனசு விட்டவன் என்று ஊரே திட்டியது. அவருடைய இடது கண்குழி எலும்பு முறிந்திருந்தது. அந்த நிலையில் என் பையன் முட்டி போட்டால் அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். 'இவனுக்கு நெஞ்சுரம் கிடையாது, மேலே வர மாட்டான்' என்று அன்று எழுதியவர்கள், நாலு ஆண்டு கழித்து அவர் ஜோஷுவாவை விழுத்தியபோது சத்தமில்லாமல் இருந்தார்கள். ஒரு தோல்வியை வைத்துக் குணத்தைத் தீர்மானிப்பதும், நாக் அவுட்டை வைத்துத் திறமையைத் தீர்மானிப்பதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

சரி, பெரிய அதிர்ச்சிகள் வரத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். வரும். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், மைக் டைசனை வீழ்த்தியபோது பந்தயம் டக்ளஸுக்கு எதிராக 42-க்கு 1 என்று இருந்தது. ஆனால் டக்ளஸின் நீண்ட ஜாபும் உயரமும் அந்த இரவில் திடீரென்று முளைக்கவில்லை. முன்பே இருந்தவை, அவர் முழுதாகத் தயாராகி வந்தது அன்றுதான். எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து வந்து பத்தாவதில் முடித்தார்.

பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை இதுதான்: முப்பது நொடி வீடியோக்களை விட்டுவிட்டு, அந்த ஜெத்தா சண்டையை 12 ரவுண்டும், வர்ணனையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். குத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். ரவுண்டுக்கு இடையில் ஸ்டூலில் யார் எப்படி மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடாமா ஆறு ரவுண்டைத் தாண்டிப் போகும் சண்டை வந்தால், ஏழாவதிலிருந்து அதே நோட்டில் எழுதுங்கள். உசிக்கைப் பற்றிய கேள்வியை அந்த நோட்டோடு வந்து கேட்டால் உட்கார்ந்து பேசலாம்.