ஃபார்மட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி சி.பி.யூ.வைக் காப்பிக்கொட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியை விட்டு இறக்கவில்லையாம். கல்யாண போட்டோ எடுப்பவர். "அண்ணா, ஒரு போட்டோகூடத் திறக்கலீங்க. எல்லாப் பேருக்குப் பின்னாடியும் புதுசா நாலு எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். அந்த நாலு எழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 என்று அதில் இருந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸை ரான்சம்வேர் என்பார்கள். அதில் 'ஸ்டாப் டிஜாவு' என்ற குடும்பத்தின் வழக்கமான கடிதம் இது. வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கிய குடும்பங்களில் இதுவும் ஒன்று.

எப்படி வந்தது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேருக்கு கிராக், அதாவது காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டு ஃபைல், தேடியிருக்கிறார். ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருக்கிறது, செய்துவிட்டார். உடனே விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு திரை வந்திருக்கிறது. அது போலி. அப்டேட் முடியட்டும் என்று இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பின்னால் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் எந்நேரமும் சொருகியே இருந்ததால் அதுவும் போயிற்று.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஃபார்மட் போடச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஃபார்மட் போட்ட பிறகுதான் வருகிறார்கள். வைரஸ் போய்விடும், சரி. மீட்க வாய்ப்பிருந்த ஃபைல்களும் அதோடு போய்விடுமே!

அதனால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், வெளி டிஸ்க்கைக் கழற்றுங்கள். பூட்டுவது இன்னும் நடக்கிறது என்று தெரிந்தால் பவரையே நிறுத்திவிடுங்கள். அப்புறம் பூட்டிய ஃபைல்களையும் அந்த மிரட்டல் கடிதத்தையும் அப்படியே தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். வைரஸை நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

'நோ மோர் ரான்சம்' என்று ஒரு தளம் இருக்கிறது. நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய நாடுகளின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. கடிதத்தையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் கொடுத்தால், இது எந்த வகை, இலவச சாவி இருக்கிறதா என்று சொல்லும். டிஜாவுக்கு எம்சிசாஃப்ட் என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் 2019-இல் டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேர், வெளியிட்டது. ஆனால் நெட் தொடர்பு இல்லாமல் பூட்டியிருந்தால்தான் புதிய வகைகளில் அதற்கு வாய்ப்பே உண்டு. அப்படிப் பூட்டியிருந்தால் கடிதத்தில் உள்ள அடையாள எண் 't1' என்று முடியும். இவருடையது அப்படி முடியவில்லை.

ஆனாலும் கைவிடவில்லை. இந்த வகை ஃபைலின் முதல் 150 கே.பி.யை மட்டுமே பூட்டுகிறது. ஆகவே பெரிய கல்யாண வீடியோக்களை, அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பெரும்பாலும் சரிசெய்ய முடிந்தது. அப்புறம் பழைய மெமரி கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். அழித்த படங்களில் ஒரு பங்கு அதில் கிடைத்தது. மீதி இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. அதையும் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். 'ஷேட்' என்ற வேறொரு ரான்சம்வேர் கும்பல் 2020-இல் ஏழரை லட்சம் சாவிகளைத் தானாகவே வெளியிட்டதே!

பணம் கட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டினாலும் சாவி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆன்லைனில் 'நான் திறந்து தருகிறேன்' என்று வருகிறவர்களையும் நம்பாதீர்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் பதியுங்கள்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. இந்த வைரஸ் பாஸ்வேர்டு திருடும் இன்னொன்றையும் கூடவே கூட்டிவரும். வேறொரு நல்ல கருவியிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தம்பி என் கடையில் உட்கார்ந்தே மாற்றினார். போகும்போது புதிதாக இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டார். ஒன்று ஸ்டுடியோவில், வேலை முடிந்ததும் கழற்றி வைக்க. இன்னொன்று அம்மா வீட்டு பீரோவில்.