ஆடியோகிராம் சரி, வகுப்பில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேட்கவில்லை என்று, நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவனைக் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் என்னிடம் அண்மையில் அழைத்து வந்தார்கள். கேட்கும் திறனைக் குறிக்கும் அவனுடைய ஆடியோகிராம் இரு காதுகளிலும் இயல்பாக இருந்தது. அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் ‘ஒன்றுமில்லை, வெறும் பிடிவாதம்’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேறோரிடத்தில் அதே தாளைப் பார்த்த பிறகும் காது கேட்கும் கருவியை விற்றிருக்கிறார்கள். இரண்டில் எது பெரிய அநியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

காது ஒலியைக் குறைவின்றி வாங்கிக்கொண்டாலும், அதைப் பகுத்தறிவதில் கேட்டலுக்கான நரம்புப் பாதைகளும் மூளையும் தடுமாறுவதைச் செவிப்புலச் செயலாக்கக் குறைபாடு என்கிறோம். எங்களுக்குள் அதன் ஆங்கிலப் பெயரை ஏபிடி என்று சுருக்கிப் பேசுவோம். இது நேற்று முளைத்த நாகரிக நோயன்று. 1954-ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் போக்காவும் அவருடைய குழுவினரும், மூளையின் பொட்டுமடலில் கட்டி இருந்த நோயாளிகள் காது கேட்கும் திறனுக்கான வழக்கமான சோதனையில் தேறினாலும், வடிகட்டித் தெளிவு குறைக்கப்பட்ட பேச்சைக் கேட்கையில் தடுமாறுவதைக் காட்டினார்கள். குழந்தைகளிடம் பெரும்பாலும் அப்படிக் கட்டி எதுவும் இருப்பதில்லை. பெற்றோர் அஞ்ச வேண்டாம்.

ஆடியோகிராம் என்ன அளக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான தனித்தனித் தொனிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதுக்கு எட்டுகிறது என்று குறிக்கிறோம். அவ்வளவுதான். அந்த அறையில் கடகடக்கும் மின்விசிறி இல்லை, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு இல்லை, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சே இல்லை. வகுப்பறையில் ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபெல்லாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. பேருந்துச் சாலையை ஒட்டிய பள்ளியில் கடைசி பெஞ்சுக்கு அது கிடைக்காது என்பதை அளந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த இடத்தில் உட்கார்ந்து ‘பட்டு’, ‘பாட்டு’, ‘படம்’, ‘பட்டம்’ ஆகியவற்றைச் சரியாக எழுத, நொடியின் சிறு பங்கே ஆன நேர வேறுபாட்டைக் காது பிடித்தால் மட்டும் போதாது, மூளையும் பிரித்தறிய வேண்டும். ‘பிஸ்கட் உறையைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறானே’ என்று பெற்றோர் சொல்கிறார்கள். வருவான். ஆடியோகிராமும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே இங்கே குறை ஒலியின் அளவில் இல்லை. காது கேட்கும் வழக்கமான கருவியை மாட்டினால் ஆசிரியரின் குரலோடு மின்விசிறியும் சேர்ந்து பெரிதாகும். ஆசிரியர் அணியும் மைக்கிலிருந்து மாணவன் காதுக்கு நேரே குரலைச் சேர்க்கும் தொலைமைக் அமைப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அதையும் சோதனை முடிந்த பிறகே பரிந்துரைக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் வினாப் பட்டியலை நிரப்பிவிட்டு ‘ஏபிடி உறுதி’ என்று வருபவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. மைசூரு அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனத்தில் உருவான, 12 வினாக்கள் கொண்ட பட்டியல்கூட யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று காட்டுவதற்கே பயன்படுகிறது. முதலில் நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியால் பார்க்க வேண்டும். உள்காது செயல்படுவதைப் பார்க்கும் ஓஏஇ, ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டை எட்டுவதைப் பார்க்கும் பெரா ஆகிய சோதனைகளால், செவி நரம்புக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கவனக்குறைவையும் மொழி வளர்ச்சியையும் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே ஏபிடி-க்கான சோதனைகள்; ஏழு வயதுக்கு முன் அவற்றின் முடிவுகளைப் பெரும்பாலும் நம்ப முடியாது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தையை ஆங்கிலச் சொற்பட்டியலால் சோதித்துக் குறைபாடு என்று எழுதுவது, தயவுசெய்து மன்னியுங்கள், சோம்பேறித்தனம்.

துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்விச் சங்கம் 2005-இல் இதற்கு வரையறையும் அளவுகோலும் தந்தது. அந்நாட்டின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்கு எச்93.25 என்ற தனி எண் உண்டு. ஆனால் மனநலத் துறையின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 இதைத் தனி நோயாகக் கொள்ளவில்லை. பிரிட்டனில் டேவிட் மூர் குழுவினர் சுமார் 1,500 குழந்தைகளைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, கேட்பதில் உள்ள சிரமத்துக்குக் காதுவழிப் புலனுணர்வைவிடக் கவனமே நெருக்கமான காரணம் என்றது. பெயர் குறித்த இந்தச் சண்டை எங்களுடையது; குழந்தையின் சிரமத்தை மறுக்க அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் சட்டத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாட்டை இரு காதுகளிலும் 60 டெசிபெல் இழப்பிலிருந்து கணக்கிடுவதால், இயல்பான ஆடியோகிராம் உள்ள பிள்ளை அதற்குள் வரவே முடியாது. கற்றல் குறைபாட்டுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் புலனுணர்வுக் குறைபாடுகளும் இடம்பெறுகின்றன. எனவே படிப்பும் எழுத்தும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த வழியில் மதிப்பீடு கேளுங்கள். எங்கள் அறிக்கையைத் துணை ஆவணமாகச் சேர்த்துக் கொடுங்கள்.

அதற்குள் பள்ளியில் செய்யக்கூடியவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை. முன்வரிசையில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி உட்கார வையுங்கள். பலகையைப் பார்த்தபடி பேசாமல், பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுங்கள். வீட்டுப்பாடத்தை வாயால் சொல்வதோடு எழுதியும் போடுங்கள். ‘என்ன மிஸ்?’ என்று அவன் திரும்பக் கேட்டால், குரலை உயர்த்தாமல் அதே செய்தியைச் சிறு வாக்கியங்களாக மீண்டும் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதற்காக அவனை எழுந்து நிற்க மட்டும் வைக்காதீர்கள்.