அடாப்டேஷன் – தழுவல்: மேடை இசை நாடகம் திரைக்கு வரும்போது

பல ஆண்டுகள் மேடையில் ஓடி, பாட்டெல்லாம் மக்களுக்கு மனப்பாடமாகிவிட்ட ஓர் இசை நாடகம் திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்தாலே ‘அடாப்டேஷன்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. தமிழில் எழுதும்போது ஒருவர் இதை ‘மொழிபெயர்ப்பு’ என்கிறார், இன்னொருவர் ‘திரை வடிவம்’ என்கிறார், வேறொருவர் ‘ரீமேக்’ என்றே எழுதிவிடுகிறார். பொருத்தமான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது: தழுவல்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘ஆப்டஸ்’ என்றால் பொருந்தியது. அதிலிருந்து பிறந்த ‘அடாப்டாரே’ என்ற வினை, ஒன்றை இன்னொன்றுக்குப் பொருந்தச் செய்வதைக் குறித்தது. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உயிரியலில் இதைத் ‘தகவமைப்பு’ என்கிறோம். உயிரினம் தன் சூழலுக்கு ஏற்ப அமைவதால் அங்கே அது சரி. ‘நாடகத்தின் தகவமைப்பு’ என்று எழுதினால் ஒட்டவே ஒட்டாது.

‘தழுவு’ என்ற வினைக்கு அணைத்தல் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும் பொருள். சங்க இலக்கியத்தில் இது ஆட்டத்தோடு சேர்ந்தும் வரும். குறுந்தொகை 31ஆம் பாட்டில் ஆதிமந்தியார் ‘மகளிர் தழீஇய துணங்கை’ என்கிறார். பெண்கள் ஒருவரை ஒருவர் தழுவி ஆடும் கூத்து அது. முல்லைக்கலியில் ஏறு தழுவுதல் வருகிறது. ‘உலகம் தழீஇயது ஒட்பம்’ என்ற குறளில் தழுவுதல் என்பது உலகத்தை நட்பாக்கிக்கொண்டு அதனோடு பொருந்தி நிற்பது. இலக்கண உரைகளில் ‘இறந்தது தழீஇய எச்சவும்மை’ என்று படித்திருப்போம். சொல்லப்படாத ஒன்றையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் ‘உம்’ அது. அணைத்தல், பொருந்துதல், சேர்த்துக்கொள்ளுதல் என்ற இந்த மூன்றும் கலந்ததுதான் ‘ஒன்றைத் தழுவி எழுதுதல்’. லத்தீன் சொல்லில் பொருத்தம் மட்டும் இருக்கிறது. நம் சொல்லில் மூலத்தின் மேலுள்ள பற்றும் இருக்கிறது. மக்கள் நேசிக்கும் நாடகத்தைத் தொடுகிறவருக்கு அந்தப் பற்று கட்டாயம் வேண்டும் என்பதால், ஆங்கிலச் சொல்லைவிடத் தழுவலே நிறைவான சொல் என்று உறுதியாகச் சொல்வேன்.

சொல் இருக்கட்டும், இந்தக் கருத்தே நமக்குப் பழையது. முன்னோர் நூலை அடியொற்றி எழும் நூலுக்கு வழிநூல் என்று பெயர். நன்னூல் அதற்குத் தரும் இலக்கணம் இது: ‘முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்.’ முடிவில் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும்; பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்துகொள்ளலாம்; மரபு மட்டும் அழியக்கூடாது. தொல்காப்பிய மரபியல் இதையே நான்கு வகையாக்கும்: தொகுத்தல் (சுருக்குதல்), விரித்தல், தொகைவிரி (சிலவற்றைச் சுருக்கிச் சிலவற்றை விரித்தல்), மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் (வேறு மொழி நூலை முறைப்படி தமிழில் ஆக்குதல்). மொழிபெயர்ப்புக்குத் தனி இடம் கொடுத்துவிட்டதால், ‘திரைக்கு மொழிபெயர்த்தார்’ என்று எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.

மேடை இசை நாடகங்கள் திரைக்கு வந்த கதையை இந்த வகைகளை வைத்தே படிக்கலாம். 1966இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் மேடையேறிய ‘கேபரே’, 1972இல் படமானபோது பெரிதும் தொகுக்கப்பட்டது. கதைமாந்தர் வீட்டிலும் வெளியிலும் பாடிய பாடல்களை நீக்கிவிட்டு, பாட்டை ஏறக்குறைய முழுவதுமாக இரவு விடுதியின் மேடைக்குள் வைத்தார் இயக்குநர் பாப் ஃபாசி. விடுதிக்கு வெளியே பாடப்படுவது ஒன்றே ஒன்று. நாஜிகளின் எழுச்சியைக் காட்டும் பாட்டு அது. சுற்றிலும் மௌனமாக இருப்பதால்தான் அந்த ஒற்றைப் பாட்டு நடுக்கம் தருகிறது. ‘விக்கெட்’ விரித்தலுக்குச் சான்று. 2003இல் மேடையேறிய நாடகத்தை இரண்டு படங்களாக்கினார்கள். 2024இல் வந்த முதல் படம் இடைவேளை வரையிலான கதையை மட்டுமே சொல்லி, இரண்டரை மணி நேரத்தைத் தாண்டியது.

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ தொகைவிரி. 1959இல் மேடையேறிய இந்த நாடகத்தை 1965இல் படமாக்கியபோது மூன்று பாடல்கள் போயின, இரண்டு புதிதாக வந்தன. பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் 1960இலேயே இறந்துவிட்டதால், புதிய பாடல்களின் வரிகளையும் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸே எழுதினார். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஓர் இடமாற்றம். தனக்குப் பிடித்தவற்றைக் கதைநாயகி மரியா அடுக்கிப் பாடும் பாட்டு, மேடையில் கன்னிமாடத்தில் தலைமைக் கன்னியோடு சேர்ந்து பாடுவது. படத்தில் அதே பாட்டு இடி மின்னலுக்கு அஞ்சி அவள் படுக்கையில் வந்து ஏறிக்கொள்ளும் குழந்தைகளுக்காக ஒலிக்கிறது. அங்கே இரு பெண்களின் நினைவுப் பகிர்வாக இருந்தது, இங்கே பயத்துக்கு மருந்தாகிறது. குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொள்வதை அந்த ஒரு பாட்டே காட்டிவிடுகிறது. பின்னோன் வேண்டும் விகற்பம் என்றால் இதுதான்.

மேடையில் நடிகர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும்; அருகில் வந்து நிற்கும் கேமராவுக்கு அந்தக் குரல் அதிகம். 2012இல் ‘லே மிசரப்ல’ படத்தில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினார்கள். காதுக்குள் மறைத்த சிறு கருவியில் பியானோ மட்டும் கேட்கும். நடிகர் நிறுத்தினால் பியானோக்காரரும் நிறுத்துவார், மூச்சு வாங்கினால் காத்திருப்பார். முழு வாத்தியக் குழுவைப் பிறகு சேர்த்தார்கள். ஃபான்டைன் என்ற ஏழைத் தாயின் புலம்பல் பாட்டு மேடையில் அவள் வேலையிழந்ததும் வரும். படத்தில் அவள் எல்லாவற்றையும் இழந்த பிறகு வருகிறது. அவளாக நடித்த ஆன் ஹாத்தவேயின் முகத்தைவிட்டுக் கேமரா விலகுவதில்லை.

‘மியூசிக்கல்’ என்பதற்கு இசை நாடகம் என்பதே போதும். பாட்டுள்ள படத்தையெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது. பாட்டை எடுத்துவிட்டால் கதை நின்றுவிடுமா என்று பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் அது இசை நாடகம். தமிழ் பேசும்படமே அங்கிருந்துதான் கிளம்பியது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் பாடி நடித்த ‘பவளக்கொடி’யைத்தான் கே. சுப்பிரமணியம் 1934இல் படமாக்கினார். மூவருக்குமே அது திரையில் முக்கியமான தொடக்கம். பண்பாட்டைக் கடந்த தழுவலும் நம் மேடைக்குப் புதிதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்தன்’ ஆக்கினார். மூலப்பெயரின் ஓசையை விடாமலே ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டுபிடித்த அழகு அது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு படத்தைப் பார்த்து மீண்டும் எடுத்தால் அது ரீமேக், அதாவது மறுஆக்கம். மேடை நிகழ்ச்சியை அப்படியே கேமராவில் பிடித்தால் அது அரங்கப் பதிவு. 2016இல் அரங்கில் படம்பிடித்து 2020இல் வெளியிட்ட ‘ஹாமில்டன்’ இந்த வகை. அதைத் தழுவல் என்று எழுதினால் பிழை. இலக்கணத்திலும் ஒன்று உண்டு: தழுவு என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. ஆகவே ‘நாடகத்தைத் தழுவி எடுத்த படம்’, ‘நாடகத்தைத் தழுவியது’ என்று இரண்டாம் வேற்றுமையோடு எழுதுவதே தெளிவு. ‘இது ஒரு தழுவல் படம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் எதைத் தழுவியது என்ற கேள்வி நிற்கும். மூல நாடகத்தின் பெயரையும் அதை ஆக்கியவர் பெயரையும் அதே வரியில் சேர்த்து எழுதிவிட வேண்டும்.